திரேஸ்புரத்துக்குக் கூண்டு கொண்டுவந்த எங்கள் அத்தான்

இந்த மலரில் எனக்கு முன்னால் எழுதியிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் எங்கள் அத்தானைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அவரைக் கடற்கரைச் சிங்கம் என்கிறார். இன்னொருவர், டெல்லிச் சபையில் அவர் முழங்கியபோது தூண்கள் அதிர்ந்தன என்று எழுதியிருக்கிறார். நான் அன்று அந்தச் சபையின் பார்வையாளர் மாடத்தில் இருந்தவன். தூண் எதுவும் அதிரவில்லை. அத்தான் குளிரில் நடுங்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு வெற்றிலை போடும் நேரம்கூடப் பேசவில்லை. கடைசி வாக்கியத்தை முடிக்கவும் இல்லை.

அவர் என் அக்காவின் கணவர். முதலாண்டு நினைவு மலருக்கு வந்த கட்டுரைகளை எல்லாம் அக்கா ஒரு நாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, எல்லாரும் அவரைப் பத்தி எழுதிருக்காவ. ஆனா அதுக்குள்ள அவரைக் காணோம். நீ எழுது. உள்ளதை எழுது. அலங்காரம் கிலங்காரம் பண்ணின, மலரைத் தூக்கி அடுப்புல போட்டுருவேன்" என்றார்.

அக்கா சொன்னால் செய்கிறவர். ஆகவே உள்ளதையே எழுதுகிறேன்.

அத்தான் பிறந்தது தூத்துக்குடி திரேஸ்புரத்தில், கடலைப் பார்த்த ஓலை வீட்டில். அவருடைய அப்பா சங்கு குளிப்பவர், தாத்தா முத்துக் குளித்தவர். பிறந்ததும் பிள்ளை அழவில்லையாம். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியிருக்கிறாள், அப்போதும் அழவில்லை. வீட்டில் எல்லாரும் ஒப்பாரி வைக்க ஆரம்பித்த பிறகு சாவகாசமாக ஒரு மூச்சு விட்டிருக்கிறார். மூச்சை இப்படி அடக்குகிற பிள்ளை நல்ல குளியாளி ஆவான் என்று தாத்தா அன்றைக்கே சொல்லிவிட்டார். தாத்தா சொன்னது பலித்தது. ஆனால் மூச்சைச் சேமிக்கிற அந்தப் பழக்கம் கரையிலும் தொடர்ந்துவிட்டது. இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அத்தான் ஒரு வார்த்தைதான் பேசுவார். அந்த ஒன்றும் பெரும்பாலும் "ம்" என்பதாக இருக்கும்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கடியில் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலிக்காக அவன்தான் கண் இமைக்காமல் நிற்பான் என்பது கணக்கு. சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள், மச்சினனை நம்புவார்கள். கயிற்றில் மச்சினன் கை இல்லையென்றால் குளியாளி ஒரு நொடிகூடக் கீழே இருக்கக் கூடாது. உடனே மேலே வந்துவிட வேண்டும்.

அதனால்தான் அத்தான் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, என் முழங்கையையும் மணிக்கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று தடவினார். பிறகு எங்கள் அப்பாவைப் பார்த்து "ம்" என்றார். கல்யாணம் முடிவாகிவிட்டது. அக்கா இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. "என்னையா கட்டினாரு? உன் கையைல்லா கட்டினாரு" என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

காதில் இரத்தம் கண்டு, இனிமேல் இறங்கினால் செவிடாகிவிடுவாய் என்று டாக்டர் சொல்லும்வரை அத்தான் குளித்தார், நான் கயிறு பிடித்தேன். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு தோணி வாங்கினோம். நம் துறைமுகத்தில் ஆழம் போதாது, கப்பல்கள் தூரத்தில் நிற்கும். சரக்கைத் தோணியில்தான் ஏற்றி இறக்க வேண்டும். உலக யுத்தம் நடந்த காலத்தில் தோணித் தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தகராறு வந்தபோது, பேசித் தீர்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அத்தானை உட்கார வைத்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பக்கமும் மாறிமாறிப் பேசி, இவர் ஏதோ மனதில் வைத்திருக்கிறார் என்று பயந்து, தாங்களாகவே விட்டுக்கொடுத்து ராஜியாகிவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தான் தலைவர்.

அவர் ஜெயிலுக்குப் போன கதையும் இப்படித்தான். சுதந்திரம் கேட்டுப் போன ஊர்வலத்தைக் கலைந்து போகச் சொல்லிப் போலீஸ் தடியை ஓங்கியதும் எல்லாரும் ஓடினார்கள், அத்தான் மட்டும் நடுரோட்டில் நின்றார். அஞ்சா நெஞ்சம் என்று ஊர் கொண்டாடியது. நான் ஜெயிலில் பார்க்கப் போனபோது கேட்டேன். "நீ எங்கன நிக்கேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் மாப்ளே" என்றார். நான் அதற்குள் உப்பளத்தைத் தாண்டியிருந்தேன்.

இனிச் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் டெல்லிக்குப் போக முடியாது.

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. கட்டுமரத்தில் மீனுக்குப் போவான். ஓர் ஐப்பசிக் காலையில் திரேஸ்புரத்துப் பிள்ளைகளோடு கடலுக்குப் போனான், அன்று மத்தியானம் புயல் அடித்தது. அவனும் வரவில்லை, கூடப் போனவர்களில் பலரும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, துறைமுகத்தில் புயல் கூண்டு முந்தின நாள் சாயங்காலமே ஏறியிருக்கிறது. வானிலை இலாகாவிலிருந்து தந்தி வந்தால் துறைமுக ஆபீஸ் கொடிமரத்தில் கறுப்புக் கூண்டை ஏற்றுவார்கள், அதைப் பார்த்தவன் கடலுக்குப் போகமாட்டான். ஆனால் அந்த மரத்துக்கும் திரேஸ்புரத்துக்கும் நடுவில் வரிசையாகப் பஞ்சு மூட்டை அடுக்கும் உயரமான கிட்டங்கிகள். கூண்டை ஆபீஸ் குமாஸ்தாக்கள் பார்த்தார்கள், கிட்டங்கிக் காவலாளிகள் பார்த்தார்கள். கடலுக்குப் போகிறவன் ஒருவனுக்கும் அது தெரியவில்லை. இங்கே வந்து சொல்வது யாருடைய வேலையாகவும் இல்லை. அக்கா தம்பியின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கிட்டங்கிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்காரன் போகப் போகிறான், டெல்லியில் புதிய சபை கூடுகிறது என்று பேச்சு வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். இரண்டு பெரிய மனிதர்கள் போட்டி போட்டார்கள், இவர் போனால் அவர் விடமாட்டார், அவர் போனால் இவர் விடமாட்டார். கடைசியில், யாரையும் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிராத ஒருவரைத் தேடினார்கள். யாரையும் பற்றி ஒரு வார்த்தையே பேசியிராதவர் அத்தான் ஒருவர்தான். அனுப்பிவிட்டார்கள்.

மாலை மரியாதை எல்லாம் முடிந்து அத்தான் வீட்டுக்குள் வந்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"டெல்லிக்கா போறிய? போங்க. எனக்குச் சேலை வேண்டாம், வளையல் வேண்டாம். நம்ம கரையில கூண்டு ஏத்த ஒரு மரம் வேணும். எந்தம்பிக்குத் தெரியாமப் போச்சு. இனி ஒருத்திக்குத் தம்பி போவக் கூடாது. மரம் கொண்டாராம என் மூஞ்சில முழிக்காதிய" என்றார்.

அத்தான் "ம்" என்றார். இந்த ஒரு "ம்"முக்காகத்தான் அவர் அரசியல் வாழ்க்கை முழுவதும் நடந்தது. மற்றவர்கள் எழுதியிருக்கும் கொள்கை, இலட்சியம் எல்லாம் எனக்குத் தெரியாது.

முதல் தடவை அத்தான் தனியாகத்தான் போனார். தோணியை விட்டு இருவரும் போக முடியாதே என்று நான் இங்கே தங்கிவிட்டேன். கூட்டத்தொடர் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். சபையில் ஒரு சத்தமும் இல்லை. அங்கே மற்ற மெம்பர்கள் அவரைப் பெரிய சிந்தனையாளர் என்று எண்ணி வழிவிட்டு நடந்தார்களாம். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மரம்?"

அத்தான் தலையைக் குனிந்தார். அன்றிலிருந்து நாடாளும் சபையின் மெம்பருக்கு வீட்டில் மூன்று வேளையும் கஞ்சிதான். தொட்டுக்கொள்ள உப்பு. மீன் குழம்பு வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வரும், அத்தான் மூச்சை அடக்கிக்கொள்வார். நான் தாங்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் அத்தான், ஒரு வார்த்தை எந்திரிச்சுக் கேக்கக் கூடாதா?"

"எந்திரிச்சேன் மாப்ளே. வாயைத் தொறந்தேன். மேல நிமிந்து பாத்தா ஒருத்தனும் இல்ல. உக்காந்துட்டேன்."

"மேல எதுக்குப் பாத்திய?"

"கயிறு யாரு பிடிக்கதுன்னு பாக்கண்டாமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை நானும் போவது என்று முடிவாயிற்று.

தூத்துக்குடியிலிருந்து டெல்லிவரை ரயிலில் போன கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பேச்சை எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இங்கிலீஷில் எழுதி, தமிழில் அர்த்தமும் சொல்லி, அத்தானை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். அதில் கடலன்னையின் மடி, அலைகளின் ஆர்ப்பரிப்பு என்று என்னவெல்லாமோ இருந்தது. அத்தான் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெட்டிக்கொண்டே வந்தார். டெல்லி சேர்ந்தபோது மிச்சமிருந்தது சில வரிகள்தான். அவற்றின் அர்த்தம் இதுதான்: ஐயா, எங்கள் ஜனங்களுக்குக் கூண்டு தெரியவில்லை. தெரியாததால் சாகிறார்கள். தெரிகிற இடத்தில் இன்னொரு மரம் வேண்டும். ஆகவே, ஐயா, அரசாங்கம் இதைச் செய்யாவிட்டால் நான் மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்வேன்.

கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேசுகிற நாளில் நான் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கீழே பார்த்தால் வட்டமாக ஆசனங்கள், அதில் பெரிய பெரிய மனிதர்கள், பாதிப் பேர் தூக்கம். அத்தான் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், தோணி விளிம்பிலிருந்து, ஆழத்துக்கு இழுக்கும் கல்லோடு இறங்கும்போது என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. மாடத்துக் கம்பியில் முழங்காலை முட்டுக்கொடுத்து, முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டிக் கயிறு பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். அத்தானும் பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். மூச்சு ஒரே சீராக இருந்தது.

பார்வையாளர் மாடத்தில் குனியக் கூடாது, கை நீட்டக் கூடாது, சைகை செய்யக் கூடாது என்று சட்டமாம். எனக்கு யார் சொன்னார்கள்? தலைப்பாகை கட்டிய ஒரு சேவகர், இவன் கீழே எதையோ எறியப் போகிறான் என்று நினைத்துப் பின்னாலிருந்து என்னைப் பிடித்தார்.

"விடும் ஓய்! கீழ ஆள் இருக்கு! கயித்தை விட்டா செத்துப் போவாரு!" என்று நான் தமிழில் கத்தினேன். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது. இன்னொரு சேவகர் வந்தார். என்னை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

நடந்ததை அத்தானே பிறகு சொன்னார். கடைசி வரிக்கு வந்திருக்கிறார். "ஆகவே, ஐயா, அரசாங்கம் இதைச் செய்யாவிட்டால் நான்" என்று சொல்லிவிட்டு, மூச்சு எடுக்க மேலே நிமிர்ந்து பார்த்திருக்கிறார். நான் இருந்த இடம் காலி. கயிற்றில் கை இல்லாவிட்டால் ஒரு நொடியும் கீழே இருக்கக் கூடாது. அத்தான் வாயை மூடினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார், விறுவிறுவென்று சபையை விட்டு வெளியே நடந்தார்.

இதுவரை வாயே திறக்காத மனிதர், முதல் தடவையாகப் பேசி, அரசாங்கம் செய்யாவிட்டால் நான் என்று பாதியில் நிறுத்தி, வெளிநடப்புச் செய்கிறார்! தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ ஒரு வடக்கத்தி மெம்பர் எழுந்து பின்னாலேயே நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். தாழ்வாரத்தில் அத்தானைச் சூழ்ந்துகொண்டு கையைக் குலுக்கினார்கள். அத்தான் அவர்களைப் பார்த்துக் கேட்டது, "எம்மச்சினன் எங்கய்யா?" என்பதுதான். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ரொம்பக் கவலையோடு தலையாட்டினார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் இதுதான் பேச்சு. தென்கோடி மெம்பர் என்ன செய்வதாக இருக்கிறார்? ஒரு பத்திரிகை ராஜினாமா என்றது. ஒன்று உண்ணாவிரதம் என்றது. ஒன்று, துறைமுகத்தில் தோணி எதுவும் ஓடாது என்றது. நான் வாசிக்கச் சொல்லிக் கேட்டு அத்தானுக்குச் சொன்னேன். "சேசு மரி சூசை! மாப்ளே, பணிவுடன் கேட்டுக்கிடுவேன்னுலா சொல்ல வந்தேன்" என்று படுக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மந்திரி கூப்பிட்டு அனுப்பினார். நானும் போனேன். வாசலில் இருந்த ஆளிடம் அத்தான் என்னைக் காட்டி, "இவன் இல்லாம நான் வரல" என்று சொல்லிவிட்டார். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். மந்திரி டீ கொடுத்தார், பிஸ்கோத்துக் கொடுத்தார், மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அரசாங்கம் செய்யாவிட்டால் தாங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?"

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். உள்ளதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வாயை மூடிக்கொண்டார். மந்திரி அந்த முகத்தைப் பார்த்தார். தோணி முதலாளிகள் பார்த்துப் பயந்த அதே முகம்.

"தங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு மரம்தானே?" என்றார் மந்திரி.

"ம்" என்றார் அத்தான்.

இதுதான் தூண்கள் அதிர்ந்த கதை.

ஊருக்குத் திரும்பியபோது ஸ்டேஷனில் மேளம் அடித்தார்கள். வெளிநடப்பு வீரர் என்று துணியில் எழுதிப் பிடித்திருந்தார்கள். அத்தானை யாரோ தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் அங்கிருந்து "மாப்ளே, மாப்ளே" என்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மரம் வந்துட்டா?" என்றார் அக்கா.

"வருது."

"வரட்டும். வந்தப் பொறவு மீன் கொழம்பு வைக்கேன்."

மரம் வந்து, திரேஸ்புரத்துக் கரையில் எல்லாக் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நட்டு, பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த அன்றைக்குத்தான் அக்கா குழம்பு வைத்தார். அத்தான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் முதன்முதலாகக் கூண்டு ஏறிய அன்று புயல் வரவில்லை. எல்லாரும் மரியாதையாக வலையை மடித்து வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்கள். கடல் குளம் மாதிரி கிடந்தது. அடுத்த ஊர்க்காரர்கள் போய்ச் சாளை மீனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். திரேஸ்புரத்துக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? படகுக்காரர் அந்தோனி, வாய்க்கு வேலி இல்லாதவர், நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, உம்ம கூண்டுல கோழி அடைக்கலாம். வேற எதுக்கும் லாயக்கில்ல."

"கோழியாவது உசுரோட கெடக்கும்லா" என்றார் அத்தான். அவர் வாழ்நாளில் சொன்ன மிக நீளமான பதில்களில் அது ஒன்று.

அதற்குப் பிறகு கூண்டு ஏறினாலும் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள். அந்தோனி ஒரு நாள் பெரிய மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து, "இந்தாரும் அண்ணாச்சி, கூண்டு ஏறின அன்னைக்குப் பிடிச்சது. ருசி சாஸ்தி" என்று நீட்டினார். அத்தான் வாங்கவில்லை. எங்கள் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. மரம் இல்லாமல் தம்பி போனான், மரம் நின்றும் இன்னொருத்தியின் தம்பி போகப் போகிறானே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அத்தானுக்கு அப்போதே நெஞ்சில் நீர். இளம் வயதில் மூச்சடக்கிய வினை என்றார் டாக்டர். பேசவே கூடாது என்று உத்தரவு. வாழ்நாள் முழுக்க அந்த உத்தரவு இல்லாமலே பேசாதிருந்த மனிதர், உத்தரவு வந்த பிறகு பேச ஆரம்பித்தார். கூண்டு ஏறிய காலைகளில் கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்கு நடப்பார். ஒவ்வொரு படகாக நின்று, "போவாதியப்பா, ஏறிருக்குல்லா, போவாதிய" என்று கெஞ்சுவார். டெல்லியில் பேசியதைவிட அந்தக் கரையில் பேசியது அதிகம். நான் பக்கத்தில் நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற கார்த்திகையில் ஒரு விடியற்காலை. அத்தான் கண் விழித்தார்.

"மாப்ளே, கூண்டு ஏறிட்டா பாரு."

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஏறியிருந்தது.

"ஏறிருக்கு அத்தான்."

"போறானுவளா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "போறானுவ" என்றேன்.

"என் செருப்பை எடு" என்று எழுந்து உட்கார்ந்தார். அக்கா ஓடி வந்து தோளைப் பிடித்தார். "எங்க போறிய? நிக்க முடியல, கரைக்கா போறிய? படுங்க" என்றார். அத்தான் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். இன்னொரு காலையும் ஊன்றினார். அப்படியே அக்கா தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கோயிலில் துக்க மணி அடித்தது. எங்கள் கரையில் சாவு மணி கேட்டால், அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது, இறங்கின படகும் திரும்பிவிடும். சண்டைக்காரன் வீட்டுச் சாவானாலும் அப்படித்தான். இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த அந்தோனி கரையைப் பார்த்து, "யாருலே?" என்று கேட்டிருக்கிறார். மெம்பர் அண்ணாச்சி என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அழுதுகொண்டேதான் படகைத் திருப்பினார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து சாயங்காலம் வீட்டுல பாக்கப் போனப்பக்கூட என்னைய ஏசினாரே. இன்னைக்குத்தானா இந்த மனுசன் போவணும்? கடல் எப்படிப் பாலா கெடக்கு பாரு!" என்று புலம்பியிருக்கிறார். எல்லாப் படகும் மணலில் ஏறின. திரேஸ்புரத்து ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, தலைவரின் செல்வாக்கு என்று எழுதினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் பெட்டியை எடுக்கும்போது காற்று திரும்பியது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் குடைகள் பறந்தன. சாமியார் ஜெபத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. குழியை மூடி முடிப்பதற்குள் மழை அறைந்தது. அதன் பிறகு அடித்த புயலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, இதை வாசிக்கிற எல்லாரும் பார்த்ததுதான். விடிந்து கரைக்குப் போனால் பாதிப் படகுகள் விறகாகக் கிடந்தன. வலைகள் தென்னை மரத்தில் தொங்கின. ஆனால் திரேஸ்புரத்தில் எந்த வீட்டிலும் அழுகைச் சத்தம் இல்லை. ஒரு உயிர் போகவில்லை. முந்தின நாள் காலை இறங்கிய படகுகள் அந்த மணிக்குத் திரும்பியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் கரையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தோனி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அக்கா வெளியே வந்தார்.

"அக்கா, அண்ணாச்சி சொன்னாரு, நாங்க கேக்கல. கெஞ்சினாரு, கேக்கல. சொல்லிக் கேக்கலைன்னு செத்துக் காட்டிட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு அந்தோனி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதுவரை அக்கா அழவில்லை. இதைக் கேட்டதும் முதலில் சிரித்தார். "அவரு செய்யக்கூடிய ஆளுதான்" என்றார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, தம்பி போனபோது அழாததையும் சேர்த்து அழுதார். நானும் அழுதேன். என் அத்தானுக்கு அழாமல் வேறு யாருக்கு அழப் போகிறேன்?

அன்று முதல் இந்த ஒரு வருஷமாகக் கூண்டு ஏறினால் திரேஸ்புரத்தில் படகு இறங்குவதில்லை. சும்மா ஏறின நாட்களும் உண்டு. அந்தோனிதான் இப்போது கரையில் நின்று மற்றவர்களை ஏசுகிறார். ஆனாலும் இந்த ஐப்பசியில் சில இளவட்டங்கள் கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்ததாக அக்காவின் காதுக்கு வந்திருக்கிறது. ஆகவே நன்றி சொல்லும்போது அவர்களுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும்படி அக்காவின் உத்தரவு.

அத்தானின் நோய்க்காலத்தில் வீடு தேடி வந்து மருந்து கொடுத்த டாக்டருக்கும், நோயில் கிடந்தபோதே அவஸ்தைப்பூசுதல் என்கிற கடைசி எண்ணெய் பூசி, கொட்டுகிற மழையில் அடக்கச் சடங்கை ஒரு வரி விடாமல் முடித்த சாமியாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த தோணித் தொழிலாளர்களுக்கும், தொலைதூரத்திலிருந்து வந்தும் தந்தி அடித்தும் துக்கம் விசாரித்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று காலை படகைத் திருப்பிக் கரையேற்றிய ஒவ்வொருவருக்கும் எல்லாரையும்விட அதிகமாக நன்றி.

முணுமுணுக்கும் இளவட்டங்களுக்கு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றினால் மலர் அடுப்புக்குப் போய்விடும்.

"இனிமேக் கூண்டு ஏறினா, கூண்டுக்காவ நில்லுங்கப்பா. ஒவ்வொரு புயலுக்கும் சாவதுக்கு எங்க வீட்டுல ஆள் இல்ல."